பிரார்த்தனைக்குப் புகைப்படச் சான்று

பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கையின் முதல் பக்கத்தைத் தலையாட்டிக்கொண்டேதான் படித்தேன். மாணவர்கள் வீட்டில் திரை முன்னால் கழிக்கும் நேரத்தை ஒரு மணிக்குள் கொண்டுவர வேண்டும். மிச்சமாகும் நேரத்தைப் பிரார்த்தனைக்கும் மறைநூல் வாசிப்புக்கும் வீட்டாருக்கு உதவுவதற்கும் தர வேண்டும். இறைப்பற்றும் நற்குணமும் அதன் வழியே வளர வேண்டும். இதில் யார் என்ன குறை சொல்ல முடியும்? எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கைபேசியிலிருந்து பிரித்தெடுக்க ஒவ்வொரு இரவும் வீட்டில் நடக்கும் பேரம் எனக்குத்தான் தெரியும். பள்ளியே நம் பக்கம் வந்துவிட்டது என்று ஆறுதலாகக்கூட இருந்தது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பியபோதுதான் பதிவேட்டைப் பார்த்தேன். தேதி, திரை நேரம், பிரார்த்தனை, மறைநூலில் படித்த பக்கங்கள், அன்று செய்த ஒரு நற்செயல், பெற்றோர் கையெழுத்து என்று கட்டங்கள். அடியில் ஒரு குறிப்பு: பிரார்த்தனை அல்லது நற்செயலின் புகைப்படத்தை இரவு ஒன்பது மணிக்குள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் பதிவிட வேண்டும். வாரந்தோறும் அதிகப் புள்ளி பெறுபவருக்கு ஒரு நட்சத்திரம்.

கைபேசியைக் குறைத்ததற்குக் கைபேசியிலேயே சான்று கேட்கிறார்களே என்று பெற்றோர்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு அது முடிந்திருக்கலாம். ஆனால் வேறு ஏதோ ஒன்று எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அது என்னவென்று பிடிபடுவதற்கு வீட்டில் நடந்த ஒரு மிகச் சின்ன விஷயம் தேவைப்பட்டது.

என் மாமியாருக்கு முழங்கால் வலி. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க ஒரு கை வேண்டும். மகள் பக்கத்தில் இருந்தால் சொல்லாமலே போய்க் கையை நீட்டுவாள். சின்ன வயதிலிருந்தே வந்த பழக்கம், அதை யாரும் பாராட்டியதில்லை, அவளும் எதிர்பார்த்ததில்லை. பதிவேடு வந்த சில நாட்களில் ஒரு மாலை, வழக்கம்போலப் பாட்டியைத் தூக்கிவிட்டாள். பிறகு திடீரென நினைவு வந்தவளாகக் கைபேசியை என்னிடம் நீட்டி, “பாட்டி, மறுபடி உட்காருங்கள். இன்னொரு தடவை கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அம்மா படம் எடுக்கட்டும்” என்றாள். பாட்டியும் பேத்தி கேட்கிறாளே என்று, வலிக்கிற காலோடு மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்தார். படம் அழகாக விழுந்தது. குழுவில் அன்று கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

அந்த இரண்டாவது எழுந்திருத்தலை என்னால் மறக்க முடியவில்லை. முதல் தடவை நீண்ட கை பாட்டிக்காக நீண்டது. இரண்டாவது தடவை பாட்டியின் வலி, படத்துக்கு வேண்டிய ஒரு பொருளாகிவிட்டது. குழந்தையின் மேல் எனக்குக் கோபமில்லை. பள்ளி கேட்டதைத்தான் அவள் செய்தாள். ஆனால் மறுநாள் பாட்டி எழுந்திருக்க முயன்றபோது அவள் முதலில் தேடியது கைபேசியை. முதல் கையே படத்துக்குத்தான் என்று ஆகிவிட்டிருந்தது. இறைப்பற்றை வளர்க்க வந்த பதிவேடு, ஏற்கெனவே வளர்ந்திருந்த ஒன்றை வேரோடு பிடுங்கி, தொட்டியில் நட்டு, வாசலில் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது என்று தோன்றியது.

பார்க்கப்படுவதில் என்ன கெடுதல்

பிள்ளைகளின் கைபேசியைப் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் பெரும்பாலும் ஆபாசத்தையும் வன்முறையையும் சூதாட்டத்தையும் சொல்வார்கள். அவை உண்மையான ஆபத்துகள்தாம், மறுக்கவில்லை. ஆனால் சமய வாழ்க்கை என்ற கோணத்திலிருந்து பார்த்தால், இவற்றைவிட மெதுவாகவும் மரியாதையான முகத்தோடும் உள்ளே வருகிற ஒரு கெடுதல் உண்டு. யாராவது பார்த்தால்தான் ஒரு செயல் முழுமை பெறும் என்ற எண்ணம் அது. ஃபேஸ்புக் 2009இல் ‘லைக்’ என்னும் விருப்பப் பொத்தானைக் கொண்டுவந்தது. இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பொத்தான் இல்லாத உலகம் தெரியாது. சாப்பிட்டது, போனது, அழுதது, சிரித்தது எல்லாம் எண்ணிக்கையோடு திரும்பி வருகிற உலகத்தில் பிறந்தவர்கள் அவர்கள்.

சமயங்கள் இதற்கு நேர் எதிராகத்தான் பழக்கப்படுத்தியிருக்கின்றன. மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், பிறர் காணத் தெருமுனைகளில் நின்று வேண்டுபவர்களைப் போல இருக்காதீர்கள், அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு வேண்டுங்கள் என்று இயேசு சொல்கிறார். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பதும் அங்கேதான் வருகிறது. இஸ்லாத்தில் பிறர் பார்க்க வேண்டுமென்று செய்யும் வணக்கத்துக்கு ரியா என்று பெயர். நபிமொழி அதை இணைவைத்தலின், அதாவது இறைவனுக்கு நிகராக வேறொன்றை வைப்பதன், சிறிய வகை என்று எச்சரிக்கிறது. இடக்கைக்குத் தெரியாமல் தர்மம் செய்பவரைப் பற்றிய நபிமொழியும் உண்டு. கீதை, வினையைச் செய், பலனில் உரிமை கொண்டாடாதே என்கிறது. வெவ்வேறு நிலங்களில், வெவ்வேறு காலங்களில் தோன்றிய இவை மூன்றும் இந்த ஓர் இடத்தில் இவ்வளவு நெருங்கி வருவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நோன்பை எடுத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. குடிக்காமல் இருக்கிற அந்த நிமிடத்தில்தான் ஒரு பிள்ளைக்குள் ஏதோ நடக்கிறது. அதைப் படம் எடுக்க வழியே இல்லை.

ஆகவே பிள்ளையின் கையிலிருந்து கைபேசியை வாங்கிவிட்டு, கைபேசி கற்றுத்தந்த அதே பாடத்தைப் பதிவேட்டின் வழியே தொடர்ந்தால், திரை நேரம் குறைந்திருக்கும், வேறொன்றும் மாறியிருக்காது.

இன்னொன்றும் நடந்தது. இரண்டாவது வாரம் மகள் பதிவேட்டில் உள்ளபடியே எழுதினாள். திரை நேரம் இரண்டரை மணி. நற்செயல் கட்டத்தில் “இன்று ஒன்றும் செய்யவில்லை.” சிவப்பு மையில் “முயற்சி போதாது” என்று திரும்பி வந்தது. அவள் தோழிகளில் சிலர் ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து ஒரு வாரத்தையும் ஒரே மூச்சில் நிரப்புகிறார்கள். மை மாறினால் சந்தேகம் வராது என்று பேனாவை மாற்றி மாற்றி எழுதும் நுட்பம் வரைக்கும் வளர்ந்திருக்கிறார்கள். “அம்மா, அடுத்த வாரத்துக்கு வேண்டிய நற்செயல்களை இப்போதே யோசித்து எழுதி வைத்துவிடட்டுமா?” என்று அவள் கேட்டபோது குரலில் கிண்டல் இல்லை. வீட்டுப்பாடத்தை முன்கூட்டியே முடிக்கும் ஒரு பொறுப்பான மாணவியின் கேள்வி அது.

அவசரத்தில் இருந்த குருமாணவர்கள்

இந்த உறுத்தலோடு இருந்தபோது, எப்போதோ படித்த ஓர் ஆய்வு திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. உளவியல் படித்தவர்களுக்குப் பழகிய ஆய்வுதான். ஆனால் பிள்ளைகளின் சமயக் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர் 1973இல் வெளியிட்டது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் பயின்ற 40 மாணவர்கள். ஒவ்வொருவரையும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறிய உரை நிகழ்த்தச் சொல்கிறார்கள். சிலருக்குத் தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றிய நல்ல சமாரியனின் கதை. மற்றவர்களுக்கு இறையியல் படித்தவர்களின் வேலைவாய்ப்பு. சிலரிடம் “ஏற்கெனவே நேரமாகிவிட்டது, ஓடுங்கள்” என்கிறார்கள். சிலரிடம் “சரியான நேரம்தான்” என்கிறார்கள். சிலரிடம் “இன்னும் நேரம் இருக்கிறது, இருந்தாலும் கிளம்புங்கள்” என்கிறார்கள். போகிற வழியில் ஒரு வாசலில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமி முனகுகிறார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள்.

நேரம் இருந்தவர்களில் 63 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். நடுவில் இருந்தவர்களில் 45 விழுக்காடு. அவசரத்தில் ஓடியவர்களில் 10 விழுக்காடு. மனத்தில் சமாரியன் கதையைச் சுமந்துகொண்டு போனார்களா, வேலைவாய்ப்பைச் சுமந்துகொண்டு போனார்களா என்பது பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை. அவர்களுடைய சமய நாட்டத்தை முன்பே கேள்வித்தாள் வைத்து அளந்திருந்தார்கள். நின்று உதவுவாரா மாட்டாரா என்பதை அந்த அளவும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சமாரியனைப் பற்றிப் பேசப் போன ஒருசிலர் கிடந்தவரைத் தாண்டிக் கால் வைத்தே போனார்களாம்.

நாற்பது பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு. அதன் மேல் மாளிகை கட்டக் கூடாது. ஆனாலும் நம் கேள்விக்கு அது சுட்டும் திசை முக்கியமானது. பிள்ளையின் தலைக்குள் என்ன உள்ளடக்கத்தைப் போடுகிறோம் என்பதிலேயே நம் கவனமெல்லாம் இருக்கிறது. கெட்ட காணொளியை எடுத்துவிட்டு நல்ல நூலை வைத்தால் முடிந்தது என்று நினைக்கிறோம். பக்கத்தில் முனகுகிறவரை ஒருவர் கவனிப்பாரா என்பது, அவர் தலைக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, அவரிடம் நேரம் இருக்கிறதா என்பதைப் பொறுத்திருக்கலாம் என்று இந்த ஆய்வு சொல்கிறது. கைபேசி பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொள்வது அதைத்தான். பள்ளிக்கும் தனி வகுப்புக்கும் இடையில், சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இடையில் இருந்த வெற்று நேரங்களையெல்லாம் அது நிரப்பிவிட்டது. பாட்டி எழுந்திருக்கச் சிரமப்படுவதைப் பார்க்க வேண்டுமானால், பார்வை சும்மா அலைகிற சில நிமிடங்கள் இருக்க வேண்டும்.

இப்போது சுற்றறிக்கையை மறுபடி படியுங்கள். கைபேசியிலிருந்து மீட்ட நேரத்தின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அதில் ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருக்கிறது. இத்தனை பக்கம், இத்தனை பிரார்த்தனை, ஒன்பது மணிக்குள் படம். மீட்ட நேரத்தை மூச்சு விடுவதற்குள் திரும்பப் பறித்துக்கொள்கிறோம். மகள் பிரார்த்தனையை முடிப்பதற்குள் கடிகாரத்தைப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவள் நிலையில் நானும் பார்ப்பேன்.

மணிக்கணக்கு

ஒரு மணி நேரம் என்ற அந்த எண்ணைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2019இல் சொன்ன ஒரு மணி நேர வரம்பு, இரண்டு முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கு. பள்ளி வயதினருக்கு 2020இல் அது சொன்னது, பொழுதுபோக்குத் திரை நேரத்தைக் குறையுங்கள் என்பது மட்டுமே. எண் எதுவும் தரவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்பும் 2016இல், ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே எண்ணைச் சொல்வதைக் கைவிட்டு, வீட்டுக்கு வீடு நிலையான வரையறை இருக்கட்டும் என்றது. ஆக்ஸ்ஃபோர்டின் ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி இருவரும் 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரின் தரவுகளை அலசி, அவர்களுடைய மனநலத்தில் காணும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 விழுக்காட்டை மட்டுமே தொழில்நுட்பப் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிகிறது என்று 2019இல் எழுதினார்கள். இந்த முடிவோடு மல்லுக்கட்டுகிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், சண்டை ஓயவில்லை. மகளின் இரண்டரை மணியிலும் பாதி, பள்ளியே அனுப்பிய பாடக் காணொளி. மறைநூலையும் அவள் செயலியில்தான் படிக்கிறாள். அந்த நிமிடங்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதனால் நான் கைபேசிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திரையில் உருட்ட உருட்டத் தீராத பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். பக்கத்துக்கு ஒரு முடிவு இருந்தால், அங்கே போய்ச் சேர்ந்ததும் மனம் ஒரு கணம் நின்று “போதுமா?” என்று கேட்கும். அந்தக் கேள்வி எழாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே செய்த கருவி இது. பெரியவர்களாகிய நமக்கே அங்கே நிற்கத் தெரியவில்லை.

ஆனால் கைபேசி வருவதற்கு முன்னால் மனங்கள் அமைதியாக இருந்தன என்பது கட்டுக்கதை. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் தவமிருந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, நண்பகல் சோர்வு என்னும் பேயைப் பற்றி எழுதியிருக்கிறார். அது பிடித்த துறவிக்குப் பகல் நகர்வதேயில்லை. அடிக்கடி சாளரத்தின் பக்கம் கண் போகிறது. சூரியன் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கிறார். யாராவது சகோதரர் வருகிறாரா என்று எட்டிப் பார்க்கிறார். மதயானையை வசப்படுத்தலாம், புலியின் வாயைக் கட்டலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று பதினெட்டாம் நூற்றாண்டில் தாயுமானவர் பாடினார். இவர்கள் கையில் என்ன இருந்தது? சாளரத்தை எட்டிப் பார்க்கும் ஆசை நமக்குள் எப்போதும் இருந்தது. அன்று எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் மணல்தான் தெரிந்தது. இன்று எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் யாரோ வந்திருக்கிறார்கள்.

பெரியவர்களின் பங்கு

திரையை விலக்குவதால் ஒன்றும் விளையாது என்றும் நான் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் 51 பேரை ஐந்து நாட்கள் திரையே இல்லாத முகாமில் தங்கவைத்தார்கள். முகங்களிலிருந்து பிறர் உணர்ச்சியைப் படிக்கும் திறன், முகாமுக்குப் போகாதவர்களைவிட அவர்களிடம் கூடியிருந்தது என்று 2014இல் அந்த ஆய்வு வெளிவந்தது. திரை போனதால் மட்டுமா, நாள் முழுக்கக் கூட்டாளிகளோடு இருந்ததாலா என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு அந்தக் குழப்பமே பிடித்திருக்கிறது. திரை போன இடத்தில் மனிதர்கள் வந்திருக்கிறார்கள்.

சமய மரபுகள் விலக்கலைச் செய்த விதத்தைப் பாருங்கள். யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை. அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் வீடுகளில் அப்பா அம்மா உட்பட ஒருவரும் கைபேசியைத் தொடுவதில்லை. பௌத்த இல்லறத்தார் உபோசதம் என்னும் நோன்பு நாளில் எட்டு ஒழுக்கங்களை ஏற்கும்போது ஆடல் பாடல் கேளிக்கைகளை விடுவதும் அவற்றில் அடங்கும், ஏற்பவர்கள் பெரியவர்கள். சமணர்கள் மனத்தை ஒருநிலைப்படுத்தி அமரும் சாமாயிகம் 48 நிமிடம். அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. பிள்ளைகளுக்கு மட்டும் விதித்து, பெரியவர்கள் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்கிற விரதம் எந்த மரபிலும் எனக்குத் தென்படவில்லை.

பெற்றோர் குழுவில் ஒரு தந்தை என்னோடு நியாயமாகவே வாதிட்டார். பழக்கம் முதலில் வரட்டும், உள்ளன்பு பிறகு வரும். எல்லாப் பிள்ளைகளும் முதலில் பெரியவர்கள் பார்க்கத்தானே கைகூப்பக் கற்றார்கள் என்றார். பாதி உண்மை. அம்மாவின் பக்கத்தில் அமர்ந்து பிரார்த்திக்கும் பிள்ளையை அம்மா பார்க்கிறாள்தான். ஆனால் அந்த நேரத்தில் அம்மாவும் பிரார்த்திக்கிறாள். மதிப்பெண் போடும் தாள் அவள் கையில் இல்லை. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பதிவேடு வந்த பிறகுதான் தன் மகன் மறைநூலையே திறந்தான் என்றார். அந்த வீட்டில் அது உண்மையாக இருக்கலாம்.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டிலிருந்து தூங்கும் வரை எல்லோருடைய கைபேசியும் ஒரே இழுப்பறையில் கிடக்கிறது. மிகவும் தவித்தது என் கணவர். அந்த நேரத்தில் மறைநூலாவது வாசிக்கலாமே, பொழுது வீணாகிறதே என்றார். நான் மறுத்தேன்; இன்னும் அதில் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. மகள் தரையில் படுத்துக்கொண்டு போரடிக்கிறது என்று பத்து விதமாகச் சொல்கிறாள். சில இரவுகளில் பாட்டியிடம் போய் வம்பளக்கிறாள். அவளாகவே பிரார்த்தனைக்கு உட்கார்ந்த இரவுகளும் உண்டு, உட்காராதவையும் உண்டு. எது எத்தனை என்று நான் எண்ணப்போவதில்லை.

பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் புகைப்படத்தையும் நற்செயல் கட்டத்தையும் எடுத்துவிடும்படி கேட்டேன். வகுப்பாசிரியை கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, வகுப்பு முழுவதன் படங்களையும் பார்த்துப் புள்ளி போட்டு முடிக்கத் தனக்கு இரவு பத்தரை ஆகிவிடுவதாகவும், அதுவரை தன் குழந்தை தன் மடியில் கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். திட்டம் நடக்கிறதா என்று மேலிடம் கேட்டால் காட்ட ஏதாவது வேண்டுமே என்பது அவருடைய சிக்கல். அடுத்த மாதத்திலிருந்து புகைப்படம் வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். பதிவேடு தொடர்கிறது. மகள் நற்செயல் கட்டத்தை நிரப்புவதில்லை. நட்சத்திரப் பட்டியலில் கடைசியில் இருக்கிறாள். ஆண்டு இறுதி நன்னடத்தைச் சான்றிதழுக்கு இந்தப் புள்ளிகளையும் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. என் கணவருக்கு அதில் கவலை. அது உண்மைதானா என்று அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டும்.